பத்தாவது பலூன்

ஏழாவது பலூன் உடைந்தபோது முத்துலிங்கம் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தான். எட்டாவது உடைந்தபோது அதை விழுங்கிவிட்டான்.

சுட்டுக்கொண்டிருந்தவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். கத்தரிப்பூச் சேலை, தோளில் அர்ச்சனைப் பை. கோயிலுக்கு வந்த வழியில் தேங்காய் விலை கேட்க நின்றவர் போலத்தான் நின்றார். தோள் அசையவில்லை. மூச்சு விடுகிறாரா என்பதே தெரியவில்லை. வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும், அடுப்பில் வைத்த பால் பொங்கி வருகிற மாதிரி, வருவது தெரியாமல் வந்துகொண்டிருந்தது.

டப். ஒன்பதாவதும் போயிற்று.

பத்தாவது பலூனில் பிளாஸ்டிக் மணி பட்டது. எல்லோரும் பார்க்கப் பட்டது. ஆனால் பலூன் ஒரு தரம் வயிற்றை எக்கி, மணியைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் தொங்கியது.

"அச்சோ!" என்றது சனம்.

முத்துலிங்கம் மட்டும் மனதுக்குள் அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தான்.

பூநகரிப் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் அது ஆறாம் நாள். முத்துலிங்கத்தின் கடைக்குப் பெயர் 'பத்துக்குப் பத்து'. பலகையில் வரிசையாகப் பத்துப் பலூன். பதினைந்து அடி தள்ளி ஒரு மேசை. மேசையில் பிளாஸ்டிக் மணி சுடுகிற விளையாட்டுப் பிஸ்டல் ஒன்று. கைப்பிடிக்குள் சின்னக் காஸ் குப்பி இருக்கும். விசையை அமத்த அமத்த ஒவ்வொரு மஞ்சள் மணியாகப் பறக்கும். சாமான் விளையாட்டுத்தான். ஆனாலும் இந்த மண்ணில் 'பிஸ்டல்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டி வரும் என்று அறிந்தவன், 'பலூன் உடைக்கும் சாதனம்' என்று எழுதி அனுமதி எடுத்திருந்தான்.

முதல் மூன்று நாளும் பிளாஸ்டிக் பேசினும் வாளியும்தான் பரிசு. ஈ கூட வரவில்லை. வந்த ஈயும் எதிரே ஐஸ்கிறீம் வானுக்குப் போய்விட்டது. நாலாம் நாள் முத்துலிங்கத்துக்கு வியாபார மூளை விழித்தது. மனைவி கஜேந்தினியின் ஸ்கூட்டியைக் கழுவித் துடைத்து, நம்பர் தகட்டின் மேல் 'முதல் பரிசு' என்று மட்டை கட்டி, கடை முன்னால் நிறுத்தினான். பத்தும் உடைத்தால் ஸ்கூட்டி. சனம் குவிந்தது.

ஸ்கூட்டியைக் கொடுக்கிற எண்ணம் அவனுக்கு எள்ளளவும் இல்லை. அந்தப் பிஸ்டலின் விசை பழைய கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இறுக்கம். இழுத்தால் மூக்கு ஆடும்; மணி இடப்பக்கம் ஓடும். ஆறுக்கு மேல் எவரும் உடைத்ததில்லை. அதையும் தாண்டி வந்தால் பத்தாவது பலூன் இருந்தது. அதற்கு மட்டும் முத்துலிங்கம் அரைக்காற்றுத்தான் ஊதுவான். முழுக்காற்றுப் பலூன் தொட்டால் வெடிக்கும். அரைக்காற்றுப் பலூன் தலையணை.

கஜேந்தினி வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியை. எட்டு வருஷம் சைக்கிள் மிதித்துவிட்டு வாங்கிய ஸ்கூட்டி அது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குத்தான் பொட்டு வைப்பாள், முத்துலிங்கத்துக்கு அல்ல. "போற வழியில பரந்தனில சேர்விசுக்கு விடுறன்" என்று சொல்லித்தான் அவன் அதை ஓட்டி வந்திருந்தான். அது தொலைந்தால் வீட்டுப் படலை தனக்குத் திறக்காது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பெண்மணி ஆறுதல் பரிசாக ஒரு பச்சை வாளியை வாங்கிக்கொண்டார். போகும்போது ஸ்கூட்டியின் அருகே நின்றார். கண்ணாடியின் பின்புறம் ஏதோ ஒரு பிள்ளை ஒட்டிய வண்ணத்துப்பூச்சிப் படம், முத்துலிங்கம் சுரண்டியும் பாதி போகாமல் இருந்தது. அதை விரலால் ஒரு தரம் தடவினார்.

"வடிவான ஸ்கூட்டி," என்றார்.

"ஓம் அக்கா."

"நாளைக்கும் வாறன், தம்பி."

முத்துலிங்கத்துக்கு விழுங்கிய வெற்றிலை மேலே வந்தது.

மத்தியானம் கஜேந்தினி போன் எடுத்தாள்.

"ஸ்கூட்டி என்ன மாதிரி?"

"காபரேட்டர் கழட்டிப் போட்டிருக்கிறான்."

"முந்தநாளும் அதைத்தானே கழட்டினவன்?"

"பெரிய காபரேட்டர்."

"இஞ்ச நான் நாள் முழுக்க நடை. சமையல் அக்காவும் லீவு. நான்தான் கடலை அவிக்கிறன். குரங்குகள் குசினிக் கூரையில குந்திக்கொண்டு இண்டைக்கு என்ன சாப்பாடு எண்டு எட்டிப் பார்க்குதுகள்."

"அதை விடு, கஜேந்தினி. இண்டைக்கு ஒரு மனுசி வந்தவா. ஒன்பது பலூன்! அந்த விரலை நீ பார்த்திருக்கோணும். விரலே இல்லை அது, வீணை வாசிக்கிற மாதிரி..."

மறைக்க வேண்டியதை மறைக்கலாம். வியப்பை எங்கே மறைப்பது? வாய் தானாக ஓடியது.

"ஒன்பதா? பத்தாவதுக்கு என்ன நடந்தது?"

"அதில காத்துக் குறைவு."

"ஆர் ஊதினது?"

"நான்தான்."

"என்ன பரிசு குடுக்கிறியள்?"

"பேசின், வாளி."

"வாளிக்கே உங்கட குரல் நடுங்குது?"

"இஞ்ச கடல் காத்து, அதுதான். நாளைக்கு நான் நேரம் வைக்கப் போறன். பத்தும் இருபது செக்கனுக்குள்ள. அவா ஆறுதலாச் சுடுற ஆள். அவசரப்படுத்தினால் விரல் உதறும்."

"இருபதா..." என்று கஜேந்தினி இழுத்தாள், சேலை விலையைக் கேட்டுவிட்டு மடிப்பைத் தடவிப் பார்க்கிறவள் மாதிரி. "சரி, வையுங்கோ."

ஏழாம் நாள் காலை கடை முன்னால் நிற்க இடமில்லை. கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஆண்டியப்பன், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தானே மத்தியஸ்தராக வந்து நின்றார். பூசைக்குச் சங்கு ஊதுகிறவர், குரலும் சங்குதான்.

அந்தப் பெண்மணி வந்தார். பெயர் இரஞ்சிதம் என்றார். இருபது செக்கன் என்றதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அர்ச்சனைப் பையிலிருந்து ஒரு நாணயம் எடுத்தார். மணி போடாத வெறும் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, அதன் மூக்கின் மேல் நாணயத்தைப் படுக்க வைத்தார். விசையை அமத்தினார்.

டிக்.

நாணயம் விழவில்லை. இன்னொரு தரம். டிக். விழவில்லை. ஐந்து தரம். நாணயம் கல்லில் பதித்த மாதிரி அங்கேயே இருந்தது. சனத்தின் சத்தம் தானாக அடங்கியது. ஐஸ்கிறீம் வான்காரன் கூட மணியடிக்க மறந்து பார்த்தான்.

"இனி மணியைப் போடுங்கோ, தம்பி."

ஆண்டியப்பன் கையை இறக்கினார்.

டப். டப். டப். நேற்றுப் பால் பொங்கின விரல் இன்று தையல் மெஷின் ஊசி. ஆனாலும் அதே அமைதி. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் விரல் விசையை விட்டு எழும்பவே இல்லை. நெல்லளவு முன்னுக்கு வந்தது, மறுபடி பின்னுக்குப் போனது. முத்துலிங்கம் செக்கன் எண்ண நின்றவன். எண்ணிக்கையை மறந்து, பிஸ்டலை மறந்து, ஸ்கூட்டியையும் மறந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்து நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாக ஒருவர் செய்து அவன் கண்டதில்லை.

ஒன்பது. பத்தாவதில் பட்டது. தலையணை மணியைக் கீழே போட்டது.

"பதினைஞ்சு செக்கன்!" என்று கத்திய ஆண்டியப்பன், அடுத்த நிமிஷம் பலகைக்குப் போய்ப் பத்தாவது பலூனை நுள்ளிப் பார்த்தார்.

"முத்துலிங்கம், இது பலூனோ? சூம்பின கத்தரிக்காயெல்லோ!"

"வெயிலுக்கு இறங்கியிருக்கும் ஐயா..."

"மற்ற ஒன்பதுக்கும் வெயில் படேல்லையோ? நாளைக்குப் பத்தையும் நான் ஊதுறன்."

சனம் கை தட்டியது. முத்துலிங்கம் மெல்ல ஸ்கூட்டிப் பக்கம் நகர்ந்தான்.

"சாவியையும் தா," என்றார் ஆண்டியப்பன். "கோயில் வாசலில முதல் பரிசு எண்டு எழுதிப் போட்டாய். அது இனி அம்மனுக்குச் சொன்ன சொல்லு. நாளை வரைக்கும் என்னட்ட இருக்கட்டும்."

சாவி போயிற்று. ஸ்கூட்டிக்கு மாலையும் விழுந்தது.

போர் முடிந்த வன்னியில் நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பார்கள், பக்கத்து வீட்டு ஆப்ரேஷன் தழும்பைக் கூடக் காட்டச் சொல்வார்கள். ஆனால் நன்றாகச் சுடுகிற ஒருவரிடம் 'எங்க பழகினீங்கள்?' என்று கேட்கமாட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பதிலை மனதுக்குள் எழுதி, மடித்து வைத்துக்கொண்டு, ஒரு கதிரை இழுத்துப் போடுவார்கள். இரஞ்சிதத்துக்கும் அன்று மூன்று கதிரை வந்தது. ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"ஐயா," என்று முத்துலிங்கம் ஆண்டியப்பனின் காதுக்குள் சொன்னான், "இவா முந்தி..."

"கேக்காத."

"இல்லை, அந்த விரலைப் பார்க்க..."

"நானும் பார்த்தனான். கேக்காத. கேட்டால் சொல்லிப் போடுவா. சொன்னால் நாங்கள் கேட்டதாப் போயிடும்."

ஆகவே முத்துலிங்கம் அதைக் கேட்கவில்லை. சனம் கலைந்த பிறகு, சோடா குடித்துக்கொண்டிருந்த இரஞ்சிதத்திடம் போய் வேறொன்று கேட்டான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்தச் சனியன் எனக்கே ஆடுது. உங்களுக்கு மட்டும் ஏன் ஆடுதில்லை?"

அவர் சோடாப் போத்தலை வைத்தார். "நீங்கள் விசையை என்ன செய்யிறியள்?"

"இழுக்கிறன்."

"அதுதான். இழுத்தால் கை முழுக்க வரும். இதில முதல்ல ஒரு தொய்வு இருக்கு. அதை ஆறுதலா எடுங்கோ. பிறகு ஒரு இடத்தில சுவர் மாதிரி முட்டும். முட்டுதோ?"

"முட்டுது."

"அங்க நில்லுங்கோ. இனி நேராப் பின்னுக்கு அமத்துங்கோ. சட்டி பிடிக்கிற மாதிரி மற்ற விரலெல்லாம் சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். இந்த ஒண்டுக்கு மட்டும்தான் வேலை."

"எப்ப வெடிக்கும்?"

"அது துவக்குக்குத்தான் தெரியும். உங்களுக்கு முதலே தெரிஞ்சால் கை பயந்து போடும். வெடிச்ச பிறகும் விரலை எடுக்காதேங்கோ. டிக் எண்டு கேக்கும் வரைக்கும் விடுங்கோ. அந்த இடத்தில இருந்து அடுத்தது. வேகம் எண்டது ஓடுறதில்லை, தம்பி. தேவையில்லாமல் போய்த் திரும்பி வராமல் இருக்கிறது."

முத்துலிங்கம் தொய்வை எடுத்தான். சுவரில் முட்டினான். அமத்தினான். டப். தன் கடையில் தன் பலூன் தன் கையால் உடைந்ததைக் கண்டு அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. ஏழு உடைத்தான். வியாபாரத்தில் எதிரியிடம் பாடம் படிக்கிற முதல் ஆள் தான்தான் என்று தெரிந்தும், அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு மாலை போட்ட ஸ்கூட்டியைப் பார்த்தான். கும்பிடவில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் போன் எடுத்தான்.

"கஜேந்தினி, வீட்டில மற்றப் பிஸ்டல் கிடக்கெல்லோ, வாங்கின நாளே கோணல் எண்டு அலுமாரிக்கு மேல எறிஞ்சது? அதை உடன பஸ்ஸில குடுத்து விடு."

"அது எதுக்கு?"

"அது இதைவிட ஒரு சாண் கூட இடப்பக்கம் இழுக்கும். அந்த மனுசிக்கு இந்தப் பிஸ்டல் கைபடிஞ்சு போச்சு. நாளைக்கு மாத்திக் குடுத்தால் பிடிபட முதலே பத்து மணியும் முடிஞ்சிடும்."

திட்டு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். விழவில்லை.

"நல்ல யோசினை," என்றாள் கஜேந்தினி. "முதல் பஸ்ஸுக்கே குடுத்து விடுறன்."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவனுடைய யோசனை ஒன்றை அவள் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முத்துலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படிப்பட்டவளின் ஸ்கூட்டியையா வைத்து விளையாடினோம் என்று கண்ணும் கலங்கியது.

எட்டாம் நாள் காலை பஸ் கொண்டக்டர் பழைய பேப்பரில் சுற்றிய பொதியைக் கொடுத்தார். பிரித்தான். அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடந்திருக்க வேண்டிய சாமான், புதுச் செம்பு மாதிரித் துடைத்துக் கிடந்தது. பிடியில் லேசாக வெங்காய மணம். விசையை அமத்திப் பார்த்தான், வெண்ணெய். 'சும்மா கிடந்தே விசை இளகியிருக்கு' என்று நினைத்துக்கொண்டான். இளகினால் என்ன, கோணல் போகாதே.

ஆண்டியப்பன் பத்துப் பலூனையும் ஊதி முடித்தார். ஒவ்வொன்றும் கலியாண வீட்டுக் கிடாரம். சனம் தேர்முட்டி வரைக்கும் நின்றது.

"இண்டைக்குப் பிஸ்டல் மாத்தியிருக்கு, அக்கா," என்று முத்துலிங்கம் குரலை இறக்கிச் சொன்னான். "பழசு பழுதாப் போச்சு."

இரஞ்சிதம் அதைக் கையில் வாங்கினார். தன் வீட்டு அகப்பையை எடுக்கிற மாதிரி வாங்கினார். நாணயம் வைத்துப் பார்க்கவில்லை. பலூனைப் பார்த்தார்; பிறகு பலூனுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி வெறும் பலகையைப் பார்த்து நீட்டினார். கோணலை எப்படிக் கண்டுபிடித்தார் என்று முத்துலிங்கம் விழித்தான்.

டப்டப்டப்டப்.

இடையில் மூச்சு விடவும் இடமில்லை. அவசரம் இருந்த மாதிரியும் இல்லை. நாதஸ்வரக்காரன் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போவானே, அப்படி ஒரே நூலில் பத்து முடிச்சு. கடைசிப் பலூன் உடைந்த சத்தத்துக்குப் பிறகு திருவிழாவில் ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. இவ்வளவு சனம் இவ்வளவு அமைதியாக நின்றதை அந்தக் கோயில் தீபாராதனையில் கூடக் கண்டிராது.

"பதினொரு செக்கன்," என்றார் ஆண்டியப்பன். சங்குக் குரல் காற்றாகத்தான் வந்தது.

பிறகு வீதி அதிர்ந்தது. முத்துலிங்கமும் கை தட்டினான். ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமலே, கண்ணால் நீர் வடிய, எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான். ஆண்டியப்பன் சாவியைக் கொடுத்தார். சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்தார்கள். இரஞ்சிதம் முதலில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு கோயிலைச் சுற்றக் கிளம்பினார். முத்துலிங்கம் பலகையைக் கூடக் கழற்றாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

பூநகரியிலிருந்து பரந்தன் வரை ஒரு பொய் யோசித்தான். அது கராஜ் தீப்பற்றுகிற பொய். பரந்தனிலிருந்து வட்டக்கச்சி வரை இன்னொன்று. அதில் யானை வந்தது. வீட்டுப் படலையைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கஜேந்தினி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள். பக்கத்தில் இன்னொரு கதிரை. அதில் மூடி வைத்த தேத்தண்ணி.

"வாங்கோ. ஸ்கூட்டி எங்க?"

"அதைத்தான் சொல்ல வந்தனான். நீ முதல்ல பதறக் கூடாது."

"நான் பதறேல்லையே."

"கராஜ்காரன் காபரேட்டரைப் பூட்டிப் போட்டு, ஓடிப் பார்ப்பம் எண்டு காட்டுப் பாதையால எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு யானை..."

"எவ்வளவு பெரிய யானை?"

"பெரிய யானை."

"காபரேட்டர் மாதிரியோ?"

முத்துலிங்கம் கதிரையில் உட்கார்ந்து, தனக்கு வைத்த தேத்தண்ணியாக்கும் என்று எடுத்துக் குடிக்கப் போனான்.

"அது உங்களுக்கு இல்லை," என்றாள் கஜேந்தினி. "ஆள் வருது."

தெருவில் ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷம் கேட்ட மனைவியின் குரலை விட அவனுக்கு நன்றாகப் பழகிய சத்தம். மாலையோடும் பாதி வண்ணத்துப்பூச்சியோடும் ஸ்கூட்டி படலைக்குள் நுழைந்தது. அதிலிருந்து கத்தரிப்பூச் சேலையைச் சரிசெய்துகொண்டு இரஞ்சிதம் இறங்கினார். முத்துலிங்கத்தைக் கண்டு "வாங்கோ தம்பி" என்று தலையசைத்துவிட்டு, நேரே போய்க் கஜேந்தினியின் கையில் சாவியை வைத்தார்.

"இந்தாங்கோ ரீச்சர், நீங்கள் பழக்கின மாதிரித்தான் அமத்தினனான், எங்கட முன்பள்ளிக் குசினிக்கு வாற குரங்குகளோட பார்த்தால், உங்கட மனுசன்ர பலூன் பாவம், ஒரு இடத்தில நிண்டது."